இடது செருப்பு பார்த்த திசை

கிறிஸ்துவுக்குப் பின் அறுபதாம் ஆண்டளவில் மட்டக்களப்புக்குப் புறப்பட்ட பிரசங்கியார், யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டின் ஆவணியில் கல்லடிக்கு நடந்து வந்து சேர்ந்தார். தாமதத்துக்குக் காரணம், பயணத் திட்டத்தை அவர் அடிக்கடி மாற்றியதுதான். மாற்றங்களை முறையாக அறிவித்தே வந்தார். பறங்கியரான தச்சர் பிரடெரிக்கின் மனைவி எத்தலுக்குத் தாய்வழியில் வந்த ஓர் இடது தோல்செருப்பு வாசற்படியில் கிடந்தது. பிரசங்கியார் வரவிருக்கும் திசைக்கு அதன் முனை தானாகத் திரும்பும். நத்தார்ப் பண்டிகை முடிந்த மறுநாள் அந்தத் திசையில் இனிப்புப் பாண் சுட்டுக் கொண்டுபோய்க் காத்திருப்பது வீட்டு வழக்கம். தலைமுறைகளாக அது கடலையே காட்டியது. கரையில் நின்றுவிட்டு, பாணைத் தாங்களே தின்று திரும்புவார்கள்.

2004 நத்தார் மாலை அது வாவிக்கு அப்பால், மேற்கே திரும்பியது.

“செருப்பு கிறுகிட்டு,” என்றார் எத்தல்.

“உங்கட பிரசங்கியாரிட்ட கதவு செய்யக் குடுத்தா கட்டிலோடதான் வருவார்,” என்று பிரடெரிக் சிரித்தார்.

விடியற்காலை மகள் டெனீசையும் கூட்டிக்கொண்டு, சோதனைச்சாவடி தாண்டி உன்னிச்சைக் குளக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் கடல் கல்லடிக்குள் வந்தது. திரும்பியபோது வீடு இல்லை. படியும் அதன்மேல் செருப்பும் இருந்தன. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் இல்லை. எத்தல் செருப்பை வாவியில் எறிந்தார். மறுநாள் அது ஈரத்தோடு படியில் கிடந்தது. பலமுறை எறிந்து பார்த்து விட்டுவிட்டார். பிறகு சண்டை வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு வந்தது. ஷெல் சத்தம் கேட்ட நாட்களில் செருப்பு நிலையில்லாமல் சுற்றியது. யாரும் பாண் கொண்டுபோகவில்லை.

பிரசங்கியார் வலது காலில் மட்டும் செருப்போடு வந்தார். எத்தல் படியை மறித்து நின்றார்.

“உங்கள் துக்கத்தில் வந்து நிற்க மனம் துணியவில்லை, அம்மா. அதனால் வழியை மாற்றினேன்,” என்றார் அவர்.

“துக்கத்துக்குத்தான் ஆள் வேணும். சந்தோசத்துக்கு நாங்களே காணும். சின்னத்தங்கத்துட படியில ஏன் ஒரு செருப்பு வைக்கல்ல?”

 அவர் வலது செருப்பைக் கழற்றி, படியில் கிடந்த இடது செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். தனக்குத் தெரிந்த தொழில் கூடாரம் தைப்பது மட்டுந்தான் என்றும், ஊசி கிடைக்குமா என்றும் கேட்டார்.

எத்தல் ஊசியும் நூலும் கொண்டுவந்தார். “முதல் சின்னத்தங்கத்துட மனுசன் யோகராசாட கூடாரத்தத் தைங்க. அவர் இன்னும் கிழிசலுக்குள்ளதான் கிடக்கார். மறுகா பாண்.”

அன்றிரவு அவருக்குப் பாண் கிடைத்தது. 2011 தையில் பெருவெள்ளம் வந்தபோது, அவர் தைத்த கூடாரங்கள் குடும்பங்களோடு மிதந்து, தண்ணீர் வடிந்ததும் அவரவர் வளவிலேயே இறங்கின. அடுப்பு அணையவில்லை என்று யோகராசா சொன்னார்.

ஸ்பெயினுக்குப் போகப்போவதாகப் பிரசங்கியார் இப்போதும் மாதமொருமுறை அறிவிக்கிறார். எத்தல் பாண் சுட்டுக் கட்டிக் கொடுக்கிறார். பின்னேரம் பிரசங்கியாரே அதைத் தின்றுவிட்டு அடுத்த கூடாரத்தை எடுக்கிறார். படியில் மற்றவர்களின் செருப்புகளோடு அவருடைய சோடியும் கிடக்கிறது. இடது செருப்பு இன்னும் சில நாள் திரும்பத்தான் செய்கிறது. வாசல் கூட்டும்போது டெனீஸ் அதை நேராக வைத்துவிடுவார்.