வடக்கு அலமாரி

மும்பை மாட்டுங்காவில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், சொன்னால் அங்கே படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் விலங்கியல் துறையில், தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி ஒரு நீளமான அறை. மியூசியம் என்பார்கள். மாணவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார்கள். அதைக் காலி செய்து கம்ப்யூட்டர் போடலாமா என்று பிரின்சிபால் வருஷத்துக்கு இரண்டு தடவை யோசிப்பார். இவர்களுக்கு நடுவில் அந்த அறையை அறையாக வைத்திருந்தது கரீம் பாட்சா ஒருவர்தான்.

லேப் அட்டெண்டர் என்பது உத்தியோகத்தின் பெயர். தாராவியிலிருந்து நடந்தே வருவார். ஜாடிகளில் குறைந்துபோன ஸ்பிரிட்டை நிரப்புவது, மூடி விளிம்பில் வாசலின் தடவுவது, கண்ணாடியைத் துடைப்பது, இவ்வளவுதான் வேலை. முப்பத்தோரு வருஷமாக அதையே செய்கிறார், ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை. ஓய்வு பெற இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அறையின் கோடியில் இருப்பது வடக்கு அலமாரி. வெங்கடராமன் சார் என்று ஒரு பேராசிரியர், எழுபதுகளில் இமயமலைப் பக்கம் நாலைந்து தடவை போய்ப் பிடித்துக்கொண்டு வந்த உயிர்கள் அதில் இருந்தன. ஆறு தவளை, நாலு தேரை, ஒரு சாலமண்டர். சாலமண்டர் பார்வைக்குப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் சொந்தமெல்லாம் தவளையோடுதான். ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய சின்ன லேபிள் உண்டு. எந்த மலை, எந்தக் குளம், எந்தத் தேதி என்று அதில் இருக்கும். லேபிள் இல்லாத ஜாடியைச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்பார் சார். பிடித்துக்கொண்டு வந்தாரே தவிர, அவற்றைப் பற்றி ஒரு வரி எழுதாமல் 2003-இல் கண்ணை மூடினார்.

யாரும் திரும்பிப் பார்க்காத அந்த அலமாரியைத் தேடிக்கொண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் மானசா வந்தாள். கிங்ஸ் சர்க்கிளிலேயே பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். பிஎச்டிக்கு வடக்குத் தவளைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் வந்தால் சாயங்காலம் வரை ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். கரீம் பாயிடம் கேட்காமல் ஒரு ஜாடியைத் தொடமாட்டாள். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது. அவள் அளக்க அளக்க, அவர் ஒவ்வொரு ஜாடியாக எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் உட்காரக்கூடச் செய்யாமல் அந்தச் சேதியைச் சொன்னாள். இந்தச் சாலமண்டரை நேபாளத்துக்கு மேற்கே இதுவரை ஒருவரும் பார்த்ததில்லையாம். நம் ஜாடியின் லேபிளோ குமாவுன் மலையில் ஒரு குளத்தைச் சொல்கிறது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் இருந்திருக்கிறது என்பதற்கு உலகத்திலேயே இந்த ஒரு ஜாடிதான் சாட்சி. கட்டுரை எழுதி முடித்தாயிற்று, திங்கட்கிழமை அனுப்பப்போகிறாள். தீசிஸே அதை வைத்துத்தான் நிற்கிறது. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கரீம் பாட்சாவால் பார்க்க முடியவில்லை. நல்லதும்மா என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

ஏனென்றால் அந்த லேபிளைக் கட்டியது வெங்கடராமன் சார் இல்லை. கரீம் பாட்சா.

2005 ஜூலை வெள்ளத்தை மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தேழாம் தேதி காலையில், தாராவியில் தன் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர் நிற்க, மனைவி சைனபையும் கைக்குழந்தை பைசானையும் பக்கத்து வீட்டு மாடியில் ஏற்றிவிட்டு, கரீம் பாட்சா கல்லூரிக்கு நடந்தார். வடக்கு அலமாரிக்கு முந்தின நாள் அவசரத்தில் தாழ்ப்பாள் போடாமல் வந்தது ராத்திரி முழுக்க அவரை உறுத்தியிருந்தது. பதினோரு வருஷம் தற்காலிக வேலை பார்த்து, நிரந்தரமாக்கும் ஃபைல் அந்த மாதம்தான் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது.

போய்ப் பார்த்தால் மற்ற அலமாரிகள் நிற்கின்றன, தாழ் போடாத அது மட்டும் கதவைத் திறந்துகொண்டு தலைகுப்புறக் கிடக்கிறது. ஜாடிகள் உடைந்து, சேற்றில் பதினொரு உயிர்கள். இற்றுப்போன நூலோடு பதினொரு லேபிள்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. லேபிளில் இடமும் தேதியும் நம்பரும்தான் இருந்தன. எந்த நம்பர் எந்த உயிர் என்பதெல்லாம் ரிஜிஸ்டரில் இருந்தது, ரிஜிஸ்டர் கூழாகிவிட்டிருந்தது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தினம் பார்க்கிறவைதான். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தவளைகளை, லேபிளை ஒரு நாளும் பார்த்ததில்லை.

பக்கெட்டில் நல்ல தண்ணீர் பிடித்து ஒவ்வொன்றாக அலசினார். பழைய பேப்பரில் வரிசையாக வைத்தார். லேபிள்கள் எல்லாம் ஒரே அளவில் இல்லை. பெரிய உடம்புக்குப் பெரியதும் சின்ன உடம்புக்குச் சின்னதுமாகத்தானே சார் வெட்டியிருப்பார் என்று நினைத்தார். அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படியே கட்டி, புது ஜாடிகளில் போட்டு, அலமாரியை நிமிர்த்தி வைத்துவிட்டார். அப்போது துறைத் தலைவராக இருந்த சங்கரன் சாருக்கு மீனைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாலு நாள் கழித்து வந்தவர், இந்த வெள்ளத்திலும் ஒரு ஜாடிகூடப் போகவில்லையே என்று எல்லார் முன்னாலும் தோளில் தட்டினார். லேபிளைப் பார்த்தே புது ரிஜிஸ்டர் எழுதினார். அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று.

சொல்ல வேண்டும் என்று கரீம் பாட்சா நினைக்காத வருஷம் இல்லை. முதலில் பயம். பிறகு, கேட்பதற்கே ஆள் இல்லாத விஷயத்தை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார். மானசா வந்த பிறகு மூன்று வருஷமும் மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். அளந்துகொண்டுதானே இருக்கிறாள், லேபிளை நம்பியா எழுதப்போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. இது கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது. அவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சும்மா பிசைந்துகொண்டிருந்தவரைச் சைனப் விடவில்லை. கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டாள். இருபது வருஷம் கூட இருந்தவளுக்கே இது புதுச் செய்தி. முதலில் அவளும் மூன்று வாரம்தானே, வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாமே என்றுதான் சொன்னாள். தட்டை எடுத்துக்கொண்டு போனவள் பாதியில் நின்றாள்.

"நாளைக்கு எவனாவது ஒருத்தன் இது பொய்யின்னு கண்டுபிடிச்சா, உங்களயா தேடுவான்? அந்தப் புள்ளயத்தான் பொய்க்காரிம்பான்."

திங்கட்கிழமை எட்டரைக்கே அவர் மியூசியம் வாசலில் நின்றார். மானசா வந்து லேப்டாப்பைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார். லேபிளைக் கட்டியது தான் என்றதும் அவள் முதலில் சிரித்தாள். நூல் இற்றுப்போயிருந்தால் மாற்றவேண்டியதுதானே, நல்ல காரியம்தானே என்றாள். அவர் தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பித்துச் சேறு, பக்கெட், பெரியதற்குப் பெரியது என்பது வரை ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். அவள் சிரிப்பு போய் வெகு நேரம் ஆகியிருந்தது.

அவள் எழுந்துபோய்ச் சாலமண்டர் ஜாடியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். ஸ்பிரிட்டில் போடுவதற்கு முன்னால் ஃபார்மலினில் ஊறிய உடம்பு அது. டெஸ்டுக்கு அனுப்பினாலும் எந்த ஊர்க்காரன் என்று சொல்லாது. சொல்லக்கூடிய ஒரே ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"மத்ததை விடுங்கோ பாய். சாலமண்டர் ஒண்ணே ஒண்ணுதானே? அதோட லேபிள் அது பக்கத்துலயே கிடந்திருக்கும். நன்னா யோசிச்சுப் பாருங்கோ."

கரீம் பாட்சா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். சத்தியமாக யோசித்தார். சேறு ஞாபகம் வந்தது, வால் ஒரு பக்கம் மடங்கிக் கிடந்தது ஞாபகம் வந்தது. பக்கத்தில் ஒரு லேபிள் இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"இருக்கலாம்னு ஒரு வார்த்தை சொன்னாக்கூடப் போறும்," என்றாள் மானசா.

ஒரே ஒரு ஆமாம். அதைச் சொன்னால் அவளுடைய மூன்று வருஷம் பிழைக்கும், அவருடைய இருபது வருஷமும் பிழைக்கும். கேட்க அந்த அறையில் வேறு யாரும் இல்லை. சொல்லத்தான் அவர் மனசு துடித்தது. அந்தப் பெண்ணுக்காகவே ஒரு பொய் சொன்னால் அல்லாஹ் மன்னிக்கமாட்டானா என்றுகூட ஒரு நிமிஷம் ஓடியது. ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று கட்டுகிறோம் என்று புரிந்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"தெரியாதும்மா," என்றார். "தெரிஞ்சா சொல்ல மாட்டனா? எனக்குத் தெரியாது."

மானசா லேப்டாப்பை மூடினாள். பையை மாட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனாள்.

அன்றைக்கே துறைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிரிவு உபசாரத்தில் படிப்பதற்காக எழுதி வைத்திருந்த வாழ்த்திலிருந்து வெள்ளத்தைப் பற்றிய பத்தியை மட்டும் எடுத்துவிட்டார்கள் என்று ஆபீஸ் பியூன் வந்து சொன்னான். அந்தப் பத்தியை எடுத்தால் வாழ்த்தில் மிச்சம் நாலு வரிதான் இருக்கும். மானசா மூன்று நாள் வரவில்லை. அவள் வழக்கமாக உட்காரும் ஸ்டூலை அவர் தினமும் துடைத்து வைத்தார்.

நாலாம் நாள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. தீசிஸை வேறு மாதிரி எழுதுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆகும், கைடு ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பையிலிருந்து கெட்டிக் காகிதத்தில் வெட்டிய சீட்டுகளை எடுத்து வைத்தாள். பதினொன்று.

பழைய லேபிளை அவிழ்த்துவிடலாமா என்று கரீம் பாட்சா மெதுவாகக் கேட்டார்.

"எடுக்கப்படாது. தப்பா இருந்தாலும் அது அங்கேயேதான் இருக்கணும். பக்கத்துல இன்னொண்ணு போடணும். என்ன நடந்ததுன்னு யாருக்குத் தெரியுமோ அவாதான் எழுதணும்."

அவருக்குப் புரிந்தது. இங்கிலீஷ் எழுத வராதே என்றார். தமிழில் எழுதச் சொன்னாள். பேனாவை எடுக்கப் போனவரைத் தடுத்து, ஸ்பிரிட்டில் மை கரைந்துவிடும் என்று பென்சிலைக் கொடுத்தாள். முனிசிபாலிட்டிப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்த தமிழ். நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினார். 2005 ஜூலை வெள்ளத்தில் லேபிள் கழன்று விழுந்தது. எது எதற்கு என்று தெரியாமல் நான் கட்டினேன். இடம் தெரியாது. கரீம் பாட்சா.

பதினொரு சீட்டிலும் அதையேதான் எழுதவேண்டியிருந்தது. நாலாவது சீட்டில் பென்சிலை நிறுத்தி அலமாரிகளை நிமிர்ந்து பார்த்தார். அந்த அறையில் தொள்ளாயிரம் ஜாடி உண்டு. பிடித்தவர் பெயர், பெயர் வைத்தவர் பெயர், கொடுத்தவர் பெயர் என்று எல்லாவற்றிலும் யாருடைய பெயராவது இருக்கும். முப்பத்தோரு வருஷம் அவற்றைக் கெடாமல் பார்த்துக்கொண்டவன் பெயர் எதிலும் இல்லை. இனி இந்தப் பதினொன்றில் இருக்கும். அவர் போன பிறகும், மானசா போன பிறகும், எவர் திறந்து பார்த்தாலும் இருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டியது. சீட்டில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

எழுதி முடித்து அவள் பக்கம் நகர்த்தினார். மானசாவுக்குத் தமிழ் சரளமாகப் படிக்க வராது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் அவர் பெயருக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது. அவர் எதற்கும் தயாராக நின்றார்.

"தேதி போடலையே பாய்," என்றாள். "தேதி இல்லேன்னா அது லேபிள் ஆகாது."

கரீம் பாட்சா உட்கார்ந்து, பதினொரு சீட்டையும் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றிலும் அன்றைய தேதியை எழுதினார்.