திருப்பி அனுப்பப்பட்ட திருத்தம்

2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில், டெக்ஸாஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோ நகரில், அறுவர் கொண்ட எங்கள் குழு பள்ளிப் பேருந்துகளுக்கான மென்பொருள் ஒன்றை உருவாக்கிவந்தது. பேருந்து வருவதற்கு இருபது நிமிடம் முன்பாகப் பெற்றோரின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதே அதன் பணி.

அதுவரை அனைவரும் தத்தம் நிரலை ஒரே சர்வருக்கு நேரடியாக அனுப்பிவந்தோம். எவருடைய பிழை எதைக் கெடுத்தது என்று தேடுவதிலேயே வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. ஆகவே ‘கிட்’ முறைக்கு மாறுவோம் என்று நான்கு மாதங்கள் வாதாடினேன். அம்முறையில் ஒவ்வொருவர் கணினியிலும் முழுப் பிரதி இருக்கும். ஒருவர் எழுதிய திருத்தத்தை மற்றொருவர் தம் பிரதிக்குள் இழுத்துச் சோதித்த பின்னரே அது பொதுப் பிரதியில் சேரும்.

எங்கள் மேலாளர் மாரிசாமி, பொள்ளாச்சிக்காரர், அரைமனத்துடன் இசைந்தார்.

“ரெண்டு வாரம் ட்ரை பண்ணுங்க மஹ்பூபா. மார்ச் ஆறாம் தேதி ரிலீஸ்ல ஒரு தப்பு வெளிய போச்சுன்னாலும் பழைய மெத்தடுதானுங்க. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.”

முதல் வாரத்தில் பதினான்கு திருத்தங்கள் வந்தன. பதினான்கும் ஒரு நிமிடத்திற்குள் ‘லுக்ஸ் குட்’ என்னும் குறிப்புடன் ஏற்கப்பட்டன. ஒருவரும் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. குழுவில் புதியவளான நாகலக்ஷ்மியிடம் காரணம் கேட்டேன்.

“மாரி சார் இருபது வருஷமா கோட் எழுதுறாரு அக்கா. அவர் கோட்ல நான் போய் தப்பு கண்டுபிடிக்கிறதா? அடுத்த அப்ரைசல்ல என்னைக் கண்டுபிடிச்சிருவாரு.”

குறை கருவியில் இல்லை, எங்கள் மரியாதையில் இருந்தது என்பதை அன்று உணர்ந்தேன். உடனே விதியை மாற்றினேன். எழுதியவர் தம் திருத்தத்தைப் பொதுப் பிரதியில் சேர்க்கலாகாது. படித்தவரே சேர்க்க வேண்டும். சேர்த்தவர் பெயர் பதிவாகும். பெற்றோர் புகார் செய்தால், தொலைபேசி அவர் மேசையிலேயே ஒலிக்கும்.

மறுநாள் முதல் அலுவலகத்தில் அமைதி நிலவியது. அனைவரும் படித்துக்கொண்டிருந்தனர்.

வெளியீட்டு நாளான மார்ச் ஆறாம் தேதி காலை, குறுஞ்செய்தி நேரத்தைக் கணக்கிடும் என் திருத்தத்தை நாகலக்ஷ்மிக்கு அனுப்பியிருந்தேன். பதினொரு மணிக்கு அவளே என் மேசைக்கு வந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சேஞ்சை நான் சேர்க்க மாட்டேன்.”

“ஏன்?”

“கடைசியா அனுப்புன டைமோட, நாளுக்கு இருபத்திநாலு மணி நேரம்னு கூட்டி அடுத்த மெசேஜ் அனுப்புறீங்க. இந்த சண்டே ஊர் பூரா க்ளாக்கை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வைக்கிறாங்க அக்கா. திங்கக்கிழமை ஆறரைக்குப் போக வேண்டியது ஏழரைக்குத்தான் போகும். என் மெஷின்ல தேதியை மாத்தி ஓட்டிப் பார்த்துட்டேன்.”

ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றிவைக்கும் வழக்கமே இல்லாத ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு, எட்டு ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும் அந்த எண்ணம் தோன்றவில்லை.

“உனக்கு எப்படிம்மா தோணுச்சு?”

“நவம்பர்ல க்ளாக்கை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளினது தெரியாம ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, பூட்டின ஆபீஸ் வாசல்ல குளிர்ல நின்னேன். அதை எப்படி மறப்பேன்? அதோட, இப்ப என் பேரு வேற போடணுமே!”

பின்னால் நின்ற மாரிசாமி அனைத்தையும் கேட்டிருந்தார்.

“ஏனுங்க, ரூல் போட்டவங்க கோடே திரும்பி வந்துருச்சா?”

“வந்துருச்சு சார்,” என்றேன். என் குரலில் வெட்கம் இருந்திருக்க வேண்டும். ஆனால் இருந்ததோ பெருமிதம்.

இரண்டு மணி நேரத்தில் திருத்தி எழுதினேன். அவள் மீண்டும் தேதியை நகர்த்திச் சோதித்து, தன் பெயரில் சேர்த்தாள். நான்கு மணிக்கு மென்பொருள் வெளியானது.

திங்கட்கிழமை காலை ஆறரை முதல், ஆயிரத்து நானூறு கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி சரியான நேரத்தில் சென்றது. நாகலக்ஷ்மியின் தொலைபேசி நண்பகல் வரை ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

அன்று பிற்பகல் மாரிசாமி தம் திருத்தம் ஒன்றை அவளுக்கு அனுப்பினார். அரைமணி நேரத்தில் அது மூன்று கேள்விகளுடன் திரும்பி வந்தது.

“இந்தப் புள்ள என்னையும் விடலியே!” என்று உரக்கச் சிரித்தவாறு, அவர் தம் நாற்காலியை மேசையருகே இழுத்து முதல் கேள்விக்கு விடை தட்டத் தொடங்கினார். பழைய முறையைப் பற்றி அதன்பின் எவரும் பேசவில்லை.