விலா எலும்புக்கு ஒரு கடிதம்

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி தலைமன்னாரில் எங்களுக்குக் கப்பல். எனக்கும் என் புருஷன் மரியரட்ணத்துக்கும் மட்டும்தான். மகள் பெற்றீசியா இறம்பொடையில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருக்கிறாள். அவள் புருஷன் வீட்டாருக்குப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் எல்லாரையும் போல இலங்கை, இந்தியா என்று இரண்டு பக்கமும் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப் போட்டிருந்தோம். இலங்கைப் பக்கம் தள்ளுபடி. இந்தியாப் பக்கம் பாஸ்போட் வந்துவிட்டது. நாற்பத்தாறு வயதில், கண்ணால் காணாத ஓர் ஊருக்குப் போய்ச் சேரச் சொல்கிறார்கள்.

ஏன் தள்ளுபடியானது என்று லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு கதை. மரியரட்ணம் குடித்துவிட்டு விசாரணைக்குப் போனதாகக்கூடச் சொல்கிறார்கள். சாராய வாடை பட்டாலே மூக்கைப் பொத்துகிற மனிதர் அவர். உண்மை இதைவிடக் கேவலமானது, அதனால்தான் அவர்கள் சொல்வதை மறுக்காமல் விட்டுவிட்டேன். நாங்கள் பன்றிக்கறியால் போனோம்.

எங்கள் தேயிலைத் தோட்டம் லிந்துலைக்கு மேலே, பஸ் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மைல் ஏற்றம். இவருக்குத் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் குசினியில் சமையல் வேலை. துரை சூப்பையும் தின்பார், புடிங்கையும் தின்பார், ஆனால் உயிரை விட்டுத் தின்றது ஒரே ஒரு பண்டத்தைத்தான். புகையில் வேகவைத்த பன்றி விலா எலும்பு. அதைச் செய்தது இவர் இல்லை, நான். பன்றியை வளர்த்ததும் நான், தட்டில் வைத்து நீட்டியது மட்டும் இவர்.

எங்கள் பன்றிகள் கறுப்பு. முதுகில் முள்ளு முள்ளாக மயிர் நிற்கும், மூக்கு நீளம். பண்ணைகளில் வெள்ளைப் பன்றி வந்து, எல்லாரும் அதற்கு மாறிவிட்ட காலம். வெள்ளை சீக்கிரம் கொழுக்கும், ஆனால் கறியில் தண்ணீர்தான் இருக்கும். கறுப்பு ஒன்றரை வருஷம் எடுத்துக்கொள்ளும். நெருப்பில் வைத்தால் கொழுப்பு ஒரேயடியாக ஒழுகாமல் மெல்ல மெல்லக் கறிக்குள்ளேயே இறங்கும். துரைக்கு அந்த வித்தியாசம் தெரியும். ஒருமுறை இவர் சந்தையில் வெள்ளை வாங்கி வந்து என்னிடம் செய்வித்துக் கொண்டுபோனார், துரை ஒரு எலும்பைக் கடித்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாராம். அதற்குப் பிறகு நான் கறுப்பை விடவேயில்லை. பங்களாக் கழுநீர், கரட் தழை, சேம்பந்தண்டு என்று கிடைத்ததையெல்லாம் அவித்துப் போட்டு வளர்த்தேன். எழுபத்து நாலில் லயம் முழுக்கப் பட்டினி கிடந்தபோது, மேட்டு லயத்து வீரய்யா வந்து, சிசிலி, மனுசப் புள்ளைங்க பசியோட கெடக்குதுங்க, நீ பன்னிக்கு அவிச்சிக் கொட்டுறியே என்று கேட்டார். இரண்டு குட்டிகளைக் கொடுத்தேன், தாயைக் கொடுக்கவில்லை.

புகை போட எங்களிடம் இருந்தது பங்களாவில் கழித்துப் போட்ட பீங்கான் ஜாடி. தண்ணீர் வடிகட்டுகிற பெரிய ஜாடி, என் இடுப்பு உயரம், கனமான மூடியோடு. விளிம்பில் கீறல் விழுந்ததும் குப்பைக்கு அனுப்பினார்கள், நான் தூக்கி வந்துவிட்டேன். குழாய் இருந்த ஓட்டைக்குக் கீழ்வரைக்கும் களிமண்ணையும் மணலையும் குழைத்து நிரப்பி, அதன்மேல் கரி. அந்த ஓட்டைதான் காற்று போகிற வழி, ஒரு மரக்கட்டையைச் செருகியும் இழுத்தும் நெருப்பை அடக்குவேன். நடுவில் ஒரு கம்பி வலை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுச் சுள்ளி கொஞ்சம், கொய்யாக் கட்டை இரண்டு. முதலில் வெள்ளையாகக் கொழகொழவென்று ஒரு புகை வரும், அதில் கறியை வைத்தால் நாக்கில் வைக்க முடியாமல் கசக்கும். அது அடங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி நீலமாக ஒரு புகை எழும்பும்போதுதான் வைக்க வேண்டும். முந்தின நாளே உப்பு, மிளகு, கொறக்காப் புளி, கித்துள் மரத்து இனிப்புப் பாணி தடவி ஊறப்போட்ட எலும்பு. ஆறு மணி நேரம். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. கறி பங்களாவுக்குப் போகும், தலையும் காலும் எங்களுக்கு.

எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை சீமைக்குப் போவதென்று முடிவானது. எங்கள் பிரஜாவுரிமை விசாரணை வரவேண்டியிருந்த நேரமும் அதுதான். இவர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். இவருடைய அப்பா சூசைரட்ணம் முப்பத்திரண்டிலேயே இங்கே பேர் பதிந்து, கவ்வாத்துக் காட்டில் கங்காணியாக இருந்து செத்தார். ஆனால் அதற்குச் சாட்சியாக இருந்த ஆள் பேர் பதிகிற பழைய செக்ரோல் புத்தகங்கள் ஆபீஸ் கூரை ஒழுகி மக்கிப்போயிருந்தன. பிறப்புப் பத்திரம் எழுதிவைக்கிற பழக்கம் அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு ஏது? மிச்சம் இருந்த ஒரே சாட்சி துரைதான். இருபத்திரண்டு வருஷம் இங்கே இருந்தவர், மாமனாரை நன்றாகத் தெரிந்தவர். அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று எல்லாரும் சொன்னார்கள்.

துரை புறப்பட இரண்டு கிழமை இருக்கும்போது என் பெரிய பன்றியைக் கொன்றேன். கீழ் லயத்து அழகன் வந்து வெட்டிக் கொடுத்தான். அவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை, பெற்றீசியா பூப்பெய்திய விருந்துக்குக்கூட. இவருக்கு மூன்று நாள் சொல்லிக் கொடுத்தேன். தின்று முடித்துத் துரை நாற்காலியில் சாயும்போது கேளுங்கள், நான் இங்கே பிறந்தவன், என் அப்பா இங்கே வேலை செய்தவர், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள் என்றேன். இவர் தலையாட்டினார்.

குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். துரை கையாலேயே எடுத்துத் தின்றார், ஒன்பது எலும்பு. விரலைச் சப்பினார். நாற்காலியில் சாய்ந்தார். இவர் தட்டைக் கையில் பிடித்தபடியே குனிந்து, "மாஸ்டர், லெட்டர் பிளீஸ்" என்றார்.

துரை சிரித்து, யெஸ் யெஸ் என்று இவர் தோளில் தட்டினார். அவ்வளவுதான். இங்கே பிறந்த கதையும் அப்பா கதையும் இவர் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. லெட்டர் என்ற சொல் மட்டும் தெரியும், யெஸ்ஸும் தெரியும். இரண்டும் காதில் விழுந்ததும் நான் மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். குசினிக்காரன் ஒருவன் புறப்படுகிற துரையிடம் லெட்டர் கேட்டால் துரைமார் என்ன எழுதிக் கொடுப்பார்கள் என்பது அந்த நேரம் எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

மறுநாள் கவர் வந்தது. தடித்த வெள்ளைக் கவர், ஒட்டி, மேலே சிவப்பு அரக்கு வைத்துத் துரையின் மோதிரம் பதித்திருந்தது. இவர் அதை ஆபீசுக்குக் கொண்டுபோய்ப் பெரிய கிளாக்கர் பாலச்சந்திரன் ஐயாவிடம் காட்டினார், நானும் கூடப் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், கொஞ்சம் விறைப்பு, ஆனால் பொய் பேசத் தெரியாதவர். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மரியரட்ணம், இதை ஒருக்கா உடைச்சுப் பாக்கிறது நல்லம். துரை நிக்கேக்கையே பாத்தால், பிழை இருந்தாலும் மாத்தி எழுதுவிக்கலாம்" என்றார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். அரக்கு உடைந்தால் செல்லாது என்று எனக்கு ஒரு பயம். அதோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்கள் விஷயத்தில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர்மாருக்கு என்ன அக்கறை, உள்ளே இருப்பதைப் படித்து எதையாவது கெடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"தொரை ஒட்டுனத தொரமாருதான் ஒடைக்கணும்ங்கய்யா" என்றேன்.

அவர் கவரைத் திருப்பி நீட்டினார். துரை அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் பங்களாவில் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளும் கவர் என் பெட்டியில், கலியாணச் சேலைக்கு அடியில் கிடந்தது. ஜெபமாலையை அதன்மேல் வைத்திருந்தேன்.

விசாரணைக்கு அழைப்பு வர இரண்டு வருஷம் ஆனது. நுவரெலியாவில் ஒரு ஆபீஸ், பெஞ்சில் எங்களைப் போல முப்பது பேர். எங்கள் முறை வந்ததும் இவர் கவரை இரண்டு கையாலும் நீட்டினார். விசாரணை செய்த ஐயாவுக்குத் தமிழ் நன்றாகவே வரும். அரக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். உடைத்தார், படித்தார். முதலில் நெற்றி சுருங்கியது, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு துரை எழுதியிருந்ததை எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

மரியரட்ணம் என்னிடம் பதினொரு வருஷம் சமையல்காரனாக இருந்தான். சுத்தமானவன், திருடமாட்டான். இவன் புகை போட்டுச் செய்கிற கறுப்புப் பன்றி விலா எலும்புக்கு ஈடாக இந்தத் தீவில் நான் எதையும் தின்றதில்லை. இவனை வேலைக்கு எடுக்கிற வீட்டார் கொடுத்துவைத்தவர்கள். கீழே கையெழுத்து.

பெஞ்சில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பன்னிரண்டு நாள் ஞாபகத்துக்கு வந்தது, பாலச்சந்திரன் ஐயாவின் முகமும் வந்தது. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இது வேல தேடுற கடிதம். நீ எங்க பொறந்தேன்னு இதுல இல்ல. வேற ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டார்.

வேறு ஒன்றும் இல்லை. இவர் வாயைத் திறந்து, அப்பா, கவ்வாத்து, முப்பத்திரண்டு என்று துண்டு துண்டாகச் சொன்னார். துரையிடம் சொல்ல வேண்டியதை இரண்டு வருஷம் கழித்து அந்த ஐயாவிடம் சொன்னார். அவர் எதையோ எழுதிக்கொண்டார். நாங்கள் திரும்பும்போது கூப்பிட்டார். வருகிற சனிக்கிழமை மத்தியானம் தன் வீட்டில் பெரியவர்கள் சிலருக்குச் சாப்பாடு இருக்கிறது, இந்த விலா எலும்பைச் செய்து தர முடியுமா, ஜீப் அனுப்புகிறேன் என்றார். பைலை என்ன செய்யலாம் என்று பிறகு பார்ப்போம் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் இவர் முகம் தெளிந்துவிட்டது. நல்ல மனுசன் சிசிலி, வழி ஒன்னு காட்டுறாரு என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒருமுறை பன்றியைக் கொடுத்து ஏமாந்தது போதாதா என்று கத்தினேன், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஆனால் இரவு முழுக்கப் பெற்றீசியாவை நினைத்துக்கொண்டு கிடந்தேன். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். நாங்கள் கப்பல் ஏறிவிட்டால் அவள் பிள்ளையை நான் கையில் வாங்கப் போவதில்லை. விடிந்ததும் அழகனுக்குச் சொல்லியனுப்பினேன். இருந்தது ஒரே ஒரு பெட்டை, அதுதான் கடைசிக் கறுப்பு.

சனிக்கிழமை விடியுமுன்னே ஜீப் வந்து ஜாடியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஐயா வீட்டுப் பின்பக்கம், கழுவுகிற கல்லுக்குப் பக்கத்தில் ஜாடியை வைத்தேன். காலை ஆறு மணிக்கு நெருப்பு மூட்டினேன். வெள்ளைப் புகை அடங்கி நீலப் புகை வரும்வரைக்கும் கண்ணெடுக்காமல் நின்றேன். கோபம், வெட்கம் எல்லாம் ஒரு பக்கம் இருந்தாலும் கை தன் வேலையைத் தானே செய்தது. பன்னிரண்டரைக்கு மூடியைத் திறந்தபோது எலும்புகள் தேயிலைச் சாயம் போல மினுங்கின. இவர் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே கொண்டுபோனார். முன்பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டேயிருந்தது.

இரண்டு மணிக்கு மேல் அந்த ஐயா பல்லைக் குத்திக்கொண்டே பின்பக்கம் வந்தார். இவர் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் நின்று, எங்கள் பைல் விஷயம் என்று இழுத்தார். இந்த முறை முழுதாகக் கேட்டார். நான் இங்கே பிறந்தவன், என் அப்பா இங்கே செத்தவர், மகள் இங்கே இருக்கிறாள் என்று ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"அந்தப் பைல் விசாரணை நடந்த அன்னைக்கே கொழும்புக்குப் போயிருச்சே. தள்ளுபடின்னு எழுதித்தான் அனுப்புனேன். இனி நான் செய்ய ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லவில்லை, ஏளனமாகவும் சொல்லவில்லை. பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். எனக்குக் கையில் இருந்த இடுக்கியை அந்த ஆள் முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவர் ஜாடிப் பக்கம் வந்து குனிந்து உள்ளே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீதான் செஞ்சியா? எலும்புலேருந்து கறி தானா கழண்டு வருது. இது எப்படி வருது?"

இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் கேட்டது அவர் ஒருவர்தான். துரை கேட்டதில்லை. கடிதத்தில் என் பேர் இல்லை. என் புருஷன்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

நான் சொன்னேன். கொய்யாக் கட்டையைப் பற்றிச் சொன்னேன், ஓட்டையில் கட்டையை எவ்வளவு தூரம் செருக வேண்டும் என்று சொன்னேன், வெள்ளைப் பன்றியில் ஏன் இது வராது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டத் தலையாட்ட எனக்குப் பேச்சு வந்துகொண்டேயிருந்தது. மூடியைத் தூக்கிக் காட்டினேன், சிரித்தேன்கூட. இவர் இரண்டடி தள்ளி அந்த வெள்ளைக் கோட்டோடு நின்று அழுதுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பெற்றீசியாவின் நினைப்பும் அந்த நேரத்தில் எனக்கு வரவில்லை.