அக்கா கடைக்கு அஞ்சு மார்க்கு

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. மார்க்கு என்று கூப்பிட்டால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான். சின்ன வயதிலிருந்தே எதைக் கண்டாலும் மார்க்குப் போடுகிற வியாதி அவனுக்கு. பல் டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன், வாயில் பஞ்சு இருக்கும்போதே ஆறு விரலைக் காட்டினான். டாக்டருக்குப் பத்துக்கு ஆறு. அன்றைக்குத்தான் அக்கா சிரித்துச் சிரித்து அந்தப் பெயரை வைத்தாள். வைத்தவளுக்கே அது ஒருநாள் வினையாக வந்து நிற்கும் என்று யார் கண்டது.

பிழைப்பும் அதுவாகவே அமைந்துவிட்டது. ஊரிலுள்ள பர்கர் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போவான், தின்பான், பத்துக்கு இவ்வளவு என்று வீடியோவில் சொல்வான். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடையும் சரி, பெட்ரோல் பங்க் ஓரத்துத் தள்ளுவண்டியும் சரி, அவனுக்கு ஒன்றுதான். முகதாட்சண்யம் பார்க்காதவன் என்று பேர். கூடப் படித்த நண்பன் ஒருவன் ஆசை ஆசையாகக் கடை திறந்தான். அவனுக்கே நாலு போட்டான். அந்த நண்பன் இன்றைக்கும் மார்க்கு எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுகிறான். மார்க்குக்கு அதில் வருத்தமும் உண்டு, உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

படம் எடுப்பது அவன் மனைவி. முன்பு ஒரு ஸ்டுடியோவில் செருப்பு, கைக்கடிகாரம், அலமாரி என்று விளம்பரப் படம் எடுத்தவள். வேலையில் கறார். தட்டு வந்ததும் அதை ஜன்னலோரம் கொண்டுபோய், பன்னை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, எள்ளு விழுந்தால் அதையும் எடுத்து ஒட்டி, அப்புறம் நடுவில் கத்தியால் அறுத்து உள்ளே இருக்கும் அடுக்கெல்லாம் தெரிகிற மாதிரி எடுப்பாள். புகை மாதிரி எழும் ஆவிதான் அவளுக்கு எதிரி. லென்ஸ் மங்கிவிடும். "ஆவி அடங்கட்டும்" என்பாள். அதுவரை மார்க்கு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் எச்சில் விழுங்கிக்கொண்டு தவித்தான். போகப் போகப் பழகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் அக்காவும் ஒரு பர்கர் கடை திறந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வருஷக்கணக்கில் போர்வை தேய்த்தவள் அவள். ஒருநாள் போதும் என்று எழுந்து வந்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன இடம் பிடித்து, சுவரோரமாக ஸ்டூல் போட்டு, இரும்புக்கல் ஒன்றை வாங்கி வைத்துவிட்டாள். கடைக்கு வா என்றும் சொல்லவில்லை, வீடியோ எடு என்றும் சொல்லவில்லை. தினமும் மத்தியானம் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பாள். தின்பதையே தொழிலாக வைத்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அவன் சிரிப்பான். அடுத்த நாளும் கேட்பாள்.

பார்க்கிறவர்கள்தான் விடவில்லை. அக்கா கடைக்கு எப்போது, பயமா, சொந்தம் என்றால் நாக்கு எழவில்லையா என்று வரிசையாக எழுதினார்கள். மார்க்குக்கு ரோஷம் வந்தது. ஒரு சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றான்.

அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து, கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். தம்பி என்று பார்க்காதே, உள்ளதைச் சொல்லு என்று அவளே சொன்னாள். தட்டு வந்தது. மனைவி அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அங்கே வெளிச்சம் சரியில்லை. மேஜையை வாசல் பக்கம் நகர்த்தினார்கள். அங்கே நிழல் விழுந்தது. மறுபடி நகர்த்தினார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "தம்பி, அது..." என்று ஆரம்பித்தாள். மனைவி உள்ளங்கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் அண்ணி, சத்தம் பதிவாகுது" என்றாள். அக்கா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள், பாதி தூக்கிய கையோடு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு.

அந்தப் பார்வை மார்க்குக்குப் பழக்கம். எத்தனையோ கடைக்காரர்கள் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருவார்கள். கொஞ்சம் பார்த்துப் போடுங்க என்று காதோடு சொல்வார்கள். அக்காவுமா என்று நினைத்தான். அந்த நினைப்பிலேயே மனசு இறுகிவிட்டது. கடித்தான், மென்றான். ஆறு போடலாம் என்று தோன்றியது. வாய் ஐந்து என்றது.

கறி வறண்டிருக்கிறது, சீஸ் ரப்பர் மாதிரி இழுக்கிறது, அடிப் பன் ஊறிப்போய் விட்டது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான். அக்கா "சரிப்பா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வீடியோவுக்கு ஏகப்பட்ட பாராட்டு. சொந்த அக்காவுக்கே அஞ்சு போட்டானே, இவனல்லவா மனுஷன் என்றார்கள். ஒரு நாள் நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் மத்தியானம் போன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அந்த வாரத்தில் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். தன் வீட்டில் அவன் மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டாள். சாப்பிட்டியா என்று கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்ளாகக் குத்தியது. எழுந்து பால்கனிக்குப் போனான், அங்கே என்ன வேலை என்று தெரியாமல் திரும்பி வந்தான். கழுவிய வண்டியையே மறுபடி கழுவினான். மத்தியானம் ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்த்தான், சத்தம் குறைந்திருக்கிறதோ என்று ஏற்றி வைத்தான். வேறு கடைகளில் தின்னும்போது பாதியில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்தான். காதில் எறும்பு புகுந்தவன் மாதிரி இருக்கிறாய் என்றாள் மனைவி. நான் சொன்னது உண்மைதானே என்று அவளிடம் கேட்டான். உண்மைதான் என்றாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் அதையே கேட்டான். ஆளை விடு என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

வேலை இல்லாவிட்டாலும் பஸ் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான். வண்டியை மெதுவாக ஓட்டி எட்டிப் பார்ப்பான். ஸ்டூல்கள் காலியாக இருக்கும். அக்கா துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருப்பாள். அவன் வண்டியை விரட்டிக்கொண்டு போய்விடுவான். உண்மையைச் சொன்னவனுக்கு எதற்கு இந்தத் திருட்டு முழி என்று அவனுக்கே எரிச்சலாக இருந்தது.

ஒரு மத்தியானம் வண்டி தானாக நின்ற மாதிரி நின்றுவிட்டது. உள்ளே போனான். அக்கா "வா" என்றாள். அவனைக் கேட்காமலே கறியை எடுத்துக் கல்லில் போட்டு அழுத்தினாள். சுரீரென்று சத்தம் எழுந்தது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். தட்டு வந்தது.

அவன் கை தட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தியது. பன்னை இப்படித் திருப்பியது, அப்படித் திருப்பியது. பிறகு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் அக்கா.

"ஆவி அடங்கட்டும்க்கா" என்றான்.

சொன்ன பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது. கேமரா இல்லை, மனைவி இல்லை. யாருக்காக ஆவி அடங்க வேண்டும்? இரண்டு கையாலும் பர்கரைத் தூக்கிக் கடித்தான். நாக்கு வெந்தது. கறிச்சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. சீஸ் உருகிக் கறியோடு கறியாகக் கிடந்தது. பன்னின் ஓரம் மொறுமொறுவென்று உடைந்தது. மூச்சு விடாமல் தின்று முடித்தான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பர்கரைத் தின்றுவிட்டு அதற்கு என்ன மார்க்கு என்று யோசிக்கவில்லை.

அப்புறம் யோசித்தான். யோசிக்க யோசிக்க உடம்பு கூசியது. செருப்பும் கைக்கடிகாரமும் ஆறிப்போகிற சாமான் இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துப் படம் பிடிக்கலாம். இத்தனை வருஷத்தில் அவன் சூடான பர்கர் ஒன்றைக்கூடத் தின்றதில்லை. ஒன்பது வாங்கிய கடைகளெல்லாம் சாஸையும் மயோனைஸையும் அப்பித் தள்ளுகிற கடைகள். ஆறினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கல்லிலிருந்து எடுத்த கையோடு தின்னுங்கள் என்று கொடுத்தவர்களெல்லாம் நாலும் ஐந்தும் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

"அக்கா, அன்னைக்கு ரெண்டு தடவை வெளிய வந்தியே, என்ன சொல்ல வந்த?"

அக்கா கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "ஆறிப்போச்சுப்பா, வேற போட்டுத் தரேன்னு சொல்ல வந்தேன். அவ கையக் காட்டினா. உங்க வேலையில நான் எதுக்கு மூக்க நுழைக்கணும்னு போயிட்டேன்."

அவன் அதோடு விட்டிருக்கலாம். உள்ளதைச் சொல்லியே பழகிய நாக்கு விடவில்லை. "நான் வேற நெனச்சேன். மார்க்கு கேட்டு நீ வர்றன்னு நெனச்சேன். அதுலதான் ஒண்ணு கொறச்சேன்" என்றான்.

சுரண்டுகிற சத்தம் நின்றது. அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அஞ்சு போட்டத நான் பெருசா எடுத்துக்கலடா. ருசி தெரிஞ்சவன் சொல்றான், திருத்திக்கணும்னுதான் நெனச்சேன். தினமும் கறிய மாத்தி மாத்திப் பாத்தேன். நான் உன்கிட்ட வந்து கேப்பேன்னு நெனச்சியா?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் கல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகைப் பார்க்க அவனுக்கு அழுகை வந்தது.

மாற்றி ஒன்பது போடுகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். தம்பி அக்காவுக்குப் போட்ட ஒன்பதை யாரும் நம்ப மாட்டார்கள், உன்னையும் சேர்த்து நம்ப மாட்டார்கள் என்றாள். அது சரிதான். அக்காவுக்கு மட்டும் திருத்த வழியில்லை. திருத்தினால் எல்லாருக்கும் திருத்த வேண்டும். அப்படித் திருத்தினால் அவன் பிழைப்பு என்ன ஆகும்? எழுந்து வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அப்புறம் போனை எடுத்து மனைவியைக் கேமராவோடு வரச் சொன்னான்.

அவள் வந்ததும் சண்டைதான். ஆவியோடு எடுத்தால் படமா அது, பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்றாள். அவன் அக்காவிடம் ஒன்று போடச் சொல்லி அவள் கையில் கொடுத்தான். மிச்சத்தை மட்டுமே தின்று பழகியவள் அவள். இரண்டு வாய் கடித்தாள். மூன்றாவது வாயில் கேமராவைக் கீழே வைத்துவிட்டாள். "நாம ரெண்டு பேரும் லூசுங்க" என்றாள்.

படம் முழுக்க வெள்ளையாக மங்கித்தான் வந்தது. அந்த மங்கலுக்குள் உட்கார்ந்துகொண்டு, இதுவரை நான் போட்ட மார்க்கெல்லாம் ஆறிப்போன பர்கருக்குப் போட்டது, எல்லாக் கடைக்கும் மறுபடி போகப் போகிறேன் என்று சொன்னான். இந்தக் கடைக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை.

ஊர் சிரித்தது. ஆறின மார்க்கு என்று புதுப் பட்டம் கட்டினார்கள். பாதிப் பேர் இனி உன்னைப் பார்ப்பதில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. மத்தியானம் போன் வரவில்லை, அதுதான் அவனைத் தின்றது. அஞ்சை மறந்தவள், சந்தேகத்தில் குறைத்த அந்த ஒன்றை மறக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்தது.

முதலில் நண்பன் கடைக்குப் போனான். நண்பன் தட்டை டொக்கென்று வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து எதிரிலேயே நின்றான். மார்க்கு ஆவி பறக்கக் கடித்தான். அக்கிரமம் என்னவென்றால், சூடாகத் தின்றாலும் அது நாலரைதான். அதையும் சொல்லிவிட்டான். நண்பன் முறைத்தான், பிறகு என்ன நினைத்தானோ இன்னொன்று போட்டுக் கொடுத்தான். அதையும் தின்று, வயிறு முட்டி, வெந்த நாக்கைத் துழாவிக்கொண்டு தெருவுக்கு வந்து வண்டியில் சாவியைப் போட்டான். அப்போது போன் அடித்தது.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா.

யாரிடமும் எதற்கும் பொய் சொல்லாதவன் என்று பேர் வாங்கியவன், பெல்ட்டை ஒரு துளை தளர்த்திக்கொண்டான்.

"இல்லக்கா."

"அப்ப வா. கல்லு சூடாத்தான் இருக்கு."