ஜெயித்த படகுக்குப் பாரம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. பொன்னேரி பஸ்ஸில் ஏறினால், திருப்பாலைவனம் தாண்டுவதற்குள் வயிறு புரட்டிக்கொண்டு வரும். ஆனாலும் எங்கள் குப்பத்தில் கார் பந்தயத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இந்தக் கஸ்தூரியம்மாளிடம்தான் வருவார்கள். வராவிட்டால் நானே தேடிப் போய்ச் சொல்லிவிடுவேன்.

சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்த காலத்தில் அங்கே வறுத்த மீன் விற்றவள் நான். அன்றைக்குப் பார்த்தது புழுதியும், வேடிக்கை பார்க்க வந்தவர்களின் முதுகும்தான். இப்போது கைப்பேசியில் பார்க்கிறேன். யார் முதுகும் மறைப்பதில்லை என்பதால், எல்லாம் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

அந்த எண்ணத்துக்குப் பலியானவன் என் தம்பி லோகநாதன்.

சித்திரைத் திருவிழாவில் அம்மனைப் படகில் வைத்து எங்கள் ஏரியைச் சுற்றி வருவார்கள். பாய்ப் படகுப் பந்தயத்தில் ஜெயிக்கிற படகில்தான் அம்மன் ஏறுவாள். பக்கத்துக் குப்பத்து வடிவேலு வருஷா வருஷம் முதலில் வருவான். லோகு இரண்டாவதாக வருவான். ஒரு தடவையாவது அம்மன் தன் படகில் ஏற வேண்டும் என்பது லோகுவின் ஆசை. அவன் மனைவி அமுதவல்லி, அது நடக்கிற வரைக்கும் தலையில் பூ வைப்பதில்லை என்று வேண்டிக்கொண்டவள்.

இந்த வருஷப் பந்தயத்துக்காக இரண்டு குப்பமும் கூடியது. கூட்டத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. அதனால் நான் ஓரமாக நின்று எனக்கு நானே பேசிக்கொண்டேன், கொஞ்சம் சத்தமாக.

"ஒரே ஓட்டத்துல முடிச்சிடறாங்க. அன்னிக்கு எவனுக்கு நல்ல நேரமோ அவன் ராஜா. இதெல்லாம் ஒரு பந்தயமா?"

தலைவர் தனசேகர் திரும்பினார். "யாராண்ட பேசற யக்கா?"

"எனக்கு நானே பேசிக்கினு கீறேன் தலைவரே. நீங்க நடத்துங்க."

"அப்ப மெதுவா பேசிக்க."

"ஃபார்முலா ஒன் பட்டம் அம்பதுல ஆரம்பிச்சப்பவே, ஒரு ஓட்டத்தை வச்சிக் குடுக்கல. ஊர் ஊரா ஓட்டி, புள்ளி சேத்துத்தான் குடுத்தாங்க. அப்ப மொதல்ல வர்ற அஞ்சு பேருக்குத்தான் எடத்துக்குப் புள்ளி. இப்ப பத்து பேருக்கு. நான் பொறந்த அம்பத்தெட்டுல, கார் செய்யற கம்பெனிக்கும் தனியா ஒரு பட்டம்னு வச்சிட்டாங்க."

"நீ பொறந்த சந்தோசத்துலயா?" என்றான் வடிவேலு.

கூட்டம் சிரித்தது. சிரித்தால் நான் நிறுத்துகிற ஆளா?

"பிரான்ஸுல ஒரு பந்தயம். பகல் ராத்திரின்னு இல்லாம ஒரு நாள் பூரா ஓட்டணும், ஆள் மாத்தி மாத்தி. ரேலின்னு ஒன்னு, காடு மேடு மண்ணு ரோடுல. ஓட்டறவன் பக்கத்துல ஒருத்தன் குந்திக்கினு, எங்க வளைவு எங்க மேடுன்னு படிச்சிக்கினே வருவான்."

"அவன் வண்டிய தொடறதில்லயா?" என்று கேட்டான் கூட்டத்தில் ஒருவன்.

"அவனுக்கு வாயாலதான் வேல."

"உனுக்கேத்த வேல யக்கா."

"சிரிங்கடா. இன்னொன்னு கீது. சில பந்தயத்துல, ஜெயிச்ச காருக்கு அடுத்த ஓட்டத்துல எடை ஏத்திடுவாங்க. ஒருத்தனே ஜெயிச்சிக்கினு போவக் கூடாதுன்னு."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏரியில் இறால் வலை கட்டும் நல்ல இடங்களை நாங்கள் பாடு முறையில்தான் பிரித்துக்கொள்கிறோம். சீட்டுப் போட்டு முறை வைப்போம். இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவன், நாளைக்கு அடுத்தவனுக்கு விட்டுத் தள்ளிப்போக வேண்டும். அப்படி வாழ்கிறவர்களுக்குப் புள்ளிக் கணக்கைவிட எடைக் கணக்குதான் சட்டென்று பிடித்தது.

"இது நம்ம பாடு மாதிரியே கீதே!" என்றார் தலைவர். "வெள்ளக்காரன் நம்மாண்டதான் கத்துக்கினான் போல. சரி. மூணு ஞாயித்துக்கெழம, மூணு ஓட்டம். ரெண்டு ஜெயிச்சவன் படகுல அம்மன். ஜெயிச்ச படகுக்கு அடுத்த ஓட்டத்துல பாரம்."

என் கணக்கு வேறு. முதல் ஓட்டத்தில் வடிவேலுதான் ஜெயிப்பான்; அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதில் அவன் பாரத்தோடு தடுமாற, லோகு ஜெயிப்பான். மூன்றாவதில் பாரம் லோகுவுக்கு வருமே என்பதை அம்மன் பார்த்துக்கொள்வாள். தம்பியைப் பார்த்துக் கண்ணடித்தேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

முதல் ஞாயிறு காற்று லேசாகத்தான் இருந்தது. நினைத்தபடி வடிவேலு ஜெயித்தான். இரண்டாவது ஞாயிறு, அவன் படகில் ஏற்ற மணல் மூட்டையைத் தூக்கி வந்தார்கள்.

"மணலு நனைஞ்சா எடை ஏறும்," என்றான் வடிவேலு. "அது அக்கிரமம் தலைவரே. நனைஞ்சாலும் எடை மாறாத பாரமா குடுங்க."

எல்லோரும் யோசித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பந்தயப் படகுல பொம்பளய ஏத்தறதா?" என்றார் ஒரு பெரியவர்.

"பொம்பளய எங்க ஏத்தறோம்? பாரந்தான ஏத்தறோம்," என்றார் தலைவர்.

லோகுவுக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டவனே அவன்தான். "யக்கா, மல மாதிரி குந்திக்க. அசையாத. அம்மன் நம்ம படகுலதான்."

"நீ போடா. நான் பாத்துக்கறேன்."

கொடி இறங்கியது. படகுகள் கரையை விட்டு விலகியதும் தெற்குக் காற்று எழுந்தது. எழுந்தது என்றால் சும்மா இல்லை. ஏரி முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கார் தரையில் ஓடுகிறது. அதற்கு எடை சுமை. காற்றில் ஓடும் படகுக்கோ, சாய்கிற நேரத்தில் எதிர்ப்பக்கம் உட்கார ஆள் வேண்டும். ஆள் கனமாக இருந்தால் பாயைத் தளர்த்தவே வேண்டாம். எங்கள் குப்பத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். மீன்காரனுக்கு மகளாகப் பிறந்து, மீன்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஏரித் தண்ணீரிலேயே அறுபத்தேழு வயதான நான், கைப்பேசியில் கார் பார்த்துப் பார்த்துக் காற்று என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருக்கிறேன்.

முன்னால் போன லோகுவின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் ஆட்கள் இரண்டு பேரும் ஒல்லி. கவிழ்ந்துவிடும் என்று பாயைத் தளர்த்தினார்கள். வேகம் இறங்கியது. எங்கள் படகும் சாய்ந்தது.

"யக்கா! மேப்பக்கம் நவுரு! காத்து வர்ற பக்கம்!" வடிவேலு கத்தினான்.

நகரக் கூடாது என்றுதான் நினைத்தேன். அம்மன் மேல் ஆணையாக அப்படித்தான் நினைத்தேன். மல மாதிரி குந்திக்க என்று தம்பி சொன்னது காதிலேயே இருந்தது. ஆனால் பாய் விம்மி, கயிறு முறுக்கேறி, படகு ஒரு உறுமு உறுமியதே, அந்தச் சத்தத்தில் என் உடம்பு தானாக நகர்ந்துவிட்டது. காற்றுப் பக்கம் போய் விளிம்பில் உட்கார்ந்தேன். இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தேன். முடி அவிழ்ந்தது. முகத்தில் தண்ணீர் அறைந்தது. படகு நிமிர்ந்து, முழுப் பாயோடு பறந்தது.

"புடி வடிவேலு! வுடாத!" என்று யாரோ கத்தினார்கள். நான்தான்.

லோகுவின் படகைத் தாண்டும்போது அவன் என்னைப் பார்த்தான். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். இருக்கும்.

கரையில் வடிவேலுவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். என்னையும் தூக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். இரண்டு ஓட்டம் முடிந்து, இரண்டும் அவனுக்கு. மூன்றாவது ஞாயிறு தேவைப்படவில்லை. இந்த வருஷமும் அம்மன் அவன் படகில்தான்.

சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் எனக்குச் சோறு அங்கேதான். அமுதவல்லி தட்டை வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம்.

"மூணு வகை பந்தயம் சொன்னீங்களே அண்ணி," என்றாள். "கூடப் பொறந்தவன கவுக்கற பந்தயம் எந்த நாட்டுல நடக்குது?"

நான் சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன். லோகு மெதுவாகக் கேட்டான்.

"நெஜத்த சொல்லு யக்கா. நீ நவுராம இருந்திருக்கலாம் இல்ல?"

"இருந்திருக்கலாம்டா."

"அப்புறம் ஏன் நவுந்த?"

"வேகமா போச்சுடா லோகு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். கத்தப் போகிறான் என்று தயாராக இருந்தேன். அவனோ வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்ந்தான்.

"எவ்ளோ வேகம்?"

"பாயி துளி தளரல. தண்ணி ரெண்டு பக்கமும் கிழிஞ்சிக்கினு போச்சு."

"சுக்கான அவன் எப்டி புடிச்சிக்கினு இருந்தான்?"

"ஒரே கையிலடா. ஒரே கையில!"

"அப்டியா?" என்றான் லோகு, கண் விரிய. "வெவரமா சொல்லு."

அமுதவல்லி மீன் குழம்புச் சட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் வெறும் ரசத்தை ஊற்றினாள்.