குட்டையில் இறங்கிய சிறப்பு விருந்தினர்

போன வருஷம் வரை கானப்பள்ளிக் குட்டைக்குப் பெயர் கிடையாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பெரிய ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு புளியமரம், அதற்குப் பின்னால் குட்டை, அவ்வளவுதான். அதில் துணி துவைத்தார்கள், பிள்ளையாரைக் கரைத்தார்கள், தூண்டில் போட்டார்கள், மாடு கழுவினார்கள். ஊருக்கு அது போதுமாக இருந்தது. பக்கத்திலிருந்த கியர் கம்பெனிக்குப் போதவில்லை. சமூகப் பொறுப்பு என்று வருஷா வருஷம் எதையாவது செய்தாக வேண்டுமே. போன தடவை மரம் நட்டார்கள். இந்தத் தடவை குட்டை மாட்டிக்கொண்டது.

இந்த வேலையைக் கவனித்தவர் அஸ்வின். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் படித்து முடித்த நாளிலிருந்து தொழிற்சாலைக்குள்ளேயே இருந்ததால், எதைப் பார்த்தாலும் அவருக்கு ஷாப் ஃப்ளோராகத்தான் தெரியும். தூர் வாரினார், அதுவரை சரி. அப்புறம் குட்டையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டார், நடப்பவர்கள் கோட்டுக்கு உள்ளே நடக்க வேண்டுமாம். கம்பி வேலி போட்டார், கேட் வைத்தார், கேட்டில் செக்யூரிட்டி வைத்தார். 'பாதுகாப்பாக இருங்கள், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்' என்று கரையில் ஒரு போர்டும் நட்டார். வேலை செய்கிற இடத்தில் தேவையில்லாததை அகற்றுவது கம்பெனி வழக்கம். அதன்படி முதலில் கோரை போனது, பிறகு வெங்காயத்தாமரை போனது, கடைசியில் 'கால்நடைகள் இறங்கத் தடை' என்று இன்னொரு போர்டு வந்தது.

எல்லாம் முடிந்ததும் குட்டைக்குத் 'தாமரைத் தடாகம்' என்று பெயர் சூட்டினார்கள். தாமரை மட்டும்தான் இல்லை. அதை நர்சரியிலிருந்து பிளாஸ்டிக் தொட்டியோடு வாங்கிவந்து, பார்க்கிங்கில் பைக் நிறுத்துகிற மாதிரி வரிசையாகத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தார்கள்.

கால்நடை என்று போர்டில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தாலும், ஊரில் தினமும் குட்டைக்கு வந்தது ஒரே ஓர் எருமைதான். அது மங்கம்மாவுடையது, பெயர் கங்கி. மங்கம்மாவுக்கு நிலம் கிடையாது, ஆள் துணை கிடையாது, கங்கியின் பால்தான் எல்லாம். எருமைக்கு வெயில் ஆகாது. மத்தியானம் தண்ணீரில் கிடந்தால்தான் அதன் உடம்பு அடங்கும். பொங்கலுக்குப் பிறகு வேலி வந்தது, சித்திரையில் கங்கி மூச்சிரைக்க ஆரம்பித்தது. மங்கம்மா குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்துவந்து ஊற்றிய குடங்கள் அதன் முதுகைக்கூட நனைக்கவில்லை. பால் பாதியாகக் குறைந்தது.

கேட்டில் நின்ற செல்வம் ஊத்தங்கரைப் பக்கத்துக்காரன். மங்கம்மா அவனிடம் தினமும் கேட்டாள்.

"ஒரு மணி நேரம் வுடு தம்பி. சத்தமில்லாம படுத்துட்டு வந்துரும்."

"எனக்கு என்னாக்கா ஆசையா? ஆர்டர்க்கா. அத உள்ள வுட்டா என்னைய வெளிய அனுப்பிருவாங்க."

அஸ்வினிடமே நேராகப் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "புரியுதும்மா. ஆனா எருமைக்குன்னு பாலிசி எதுவும் இல்லீங்களே" என்றார். மங்கம்மாவுக்கு பாலிசி என்றால் எல்.ஐ.சி.தான் தெரியும். எருமைக்கு அது எதற்கு என்று யோசித்துக்கொண்டே திரும்பினாள்.

மிச்சமிருந்தவர் யேசுராஜ் வாத்தியார். ரிட்டையர் ஆன தமிழாசிரியர், ஓசூர் வட்டாரத்தில் எந்தக் கவியரங்கம் என்றாலும் அவர்தான் தலைமை. தடாகத் திறப்பு விழாவுக்கு 'குளமும் வாழ்வும்' என்று கவியரங்கம் நடத்தித் தரச் சொல்லி அஸ்வின் அவரைத்தான் கேட்டிருந்தார். அவர் வீட்டுக்கு மங்கம்மாதான் பால் ஊற்றுகிறாள். அன்று அளந்து ஊற்றிவிட்டு, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னாள்.

"கவலப்படாத மங்கம்மா. மேடையிலயே பேசிடறேன்" என்றார் வாத்தியார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி அன்னமேரியின் குரல் வந்தது. "ஏங்க, மொதல்ல அதப் பேசுங்க. தாமரையப் பத்தி அப்புறமாப் பேசிக்கலாம்."

வாத்தியார் சொன்ன வாக்கை மறக்கவில்லை. எருமையைப் பற்றி நீளமாக ஒரு கவிதை எழுதினார். கவிஞர்களிடம் ஒரு காரியத்தை ஒப்படைத்தால் இதுதான் நடக்கும்.

விழா அன்று கரையில் பந்தல், ஸ்பீக்கர், பெடஸ்டல் ஃபேன். சிறப்பு விருந்தினர் பெங்களூரிலிருந்து வந்த கம்பெனி டைரக்டர். கவிஞர்கள் ஒவ்வொருவராக மைக்கைப் பிடித்தார்கள். நம் பழைய பாட்டுகளில் குளம் வந்தால் பின்னாலேயே எருமையும் வந்துவிடும். தாமரையை மிதிக்கும், மீன் துள்ளும், நாரை பறக்கும். அன்றைக்கும் அப்படித்தான். முதல் கவிஞரின் எருமை தாமரையைத் தின்றது. இரண்டாமவரின் எருமை சேற்றில் புரண்டது. மூன்றாமவர் குவளையைக் கொண்டுவந்தார், அதையும் எருமையே தின்றது. வந்திருந்த கவிஞர்கள் எருமையின் பக்கத்தில் போய் வருஷக்கணக்காகியிருக்கும். வேலிக்கு வெளியே புளியமரத்து நிழலில், வாயில் நுரை தள்ள நிற்கிற கங்கியைப் பிடித்துக்கொண்டு மங்கம்மா இத்தனையையும் ஸ்பீக்கரில் கேட்டாள்.

கடைசியாக வாத்தியார் எழுந்தார். எருமையில்லாத குளம் உயிரில்லாத உடல் என்று முடிக்கும்போது அவர் குரல் தழுதழுத்தது. கைதட்டல் அடங்க நேரமானது. டைரக்டருக்கு அஸ்வின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்ட டைரக்டர் குளத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம்மே எல்லி?"

எருமை எங்கே என்று அர்த்தம். ஓசூரில் இதற்கு யாரும் அகராதி தேட வேண்டியதில்லை. அஸ்வினுக்கு வியர்த்துவிட்டது. "வருது சார், ஆன் த வே" என்று சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினார். செல்வம் கேட்டை அகலத் திறந்தான், மங்கம்மா கயிற்றை விட்டுவிட்டுப் பின்னாலேயே உள்ளே வந்தாள்.

கங்கி மஞ்சள் கோட்டைத் தாண்டியது. பாதுகாப்பு போர்டைப் படிக்கவில்லை. நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, வரிசையாக இருந்த தொட்டிகளை உருட்டிவிட்டு, நடுவில் போய்க் கழுத்துவரை அமிழ்ந்து ஒரு பெருமூச்சு விட்டது. உருண்ட தாமரை ஒன்றை மெல்லவும் செய்தது. கூட்டம் ஆரவாரித்தது. "இலக்கியம் உயிர்பெற்று எழுந்துவிட்டது!" என்று வாத்தியார் மைக்கில் அலறினார். டைரக்டர் கங்கியைப் பின்னால் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டு, அத்திப்பள்ளி டோல்கேட்டில் நெரிசல் ஆவதற்குள் கிளம்பிவிட்டார்.

கார் மறைந்ததும் அஸ்வின் கையைத் தட்டினார். "ஓகே, வெளிய எடுத்துருங்க."

செல்வம் விசில் ஊதினான். கங்கி காதை மடக்கிக்கொண்டது. அஸ்வின் "கம், கம்" என்றார். வாத்தியார் கரையில் நின்று, "எழுந்து வா தாயே" என்று செந்தமிழில் வேண்டினார். மங்கம்மாவின் வீட்டுப் பேச்சு தெலுங்கு, அதனால் கங்கிக்கும் தெலுங்குதான். இது அங்கே மங்கம்மாவுக்கு மட்டுமே தெரியும். அவள் புதுக் கிரானைட் பெஞ்சில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க கூப்புடுங்கம்மா" என்றார் அஸ்வின்.

"கூப்புடறேன் சார். நாளைக்கும் உள்ள வுடுவீங்களா?"

"அது... மேனேஜ்மென்ட்ல பேசித்தான்..."

"பேசிட்டு வாங்க. அது அவசரப்படாது."

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார்கள். அஸ்வின் போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். டைரக்டர் அந்த போட்டோவை அதற்குள் எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். 'அருமை, எருமை தொடரட்டும்' என்று மேலிடத்திலிருந்து பதிலும் வந்திருந்தது. ஒரே நிமிஷத்தில் பாலிசி பிறந்துவிட்டது. அஸ்வினே ஸ்பேனர் வாங்கி, தடை போர்டின் போல்ட்டுகளைக் கழற்றிப் போர்டைப் புளியமரத்தில் சாய்த்து வைத்தார்.

"தெனமும் வரட்டும்மா. இப்பக் கூப்புடுங்க."

மங்கம்மா எழுந்து கரைக்கு வந்தாள். முகத்தில் வெற்றிக் களை. "ராவே, கங்கி!" என்றாள், அதிகாரமாக.

கங்கி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"ஒசே, ராவே!"

அசையவில்லை. மங்கம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது, சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "எத்தினி மாசமாச்சி, பாவம்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கி எம்பேச்சயும் கேக்காது சார். அதுக்காத் தோணுனா வரும்."

வேறு வழியில்லாமல் எல்லோரும் கரையில் உட்கார்ந்தார்கள். கவிஞர்களும் உட்கார்ந்தார்கள், அவர்கள் போக வேண்டிய வேனின் டிரைவரும் அங்கேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கிய தண்ணீரில் வட்ட வட்டமாக அலை வந்தது. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து கங்கியின் தலையில் நின்றது. யாரும் கவிதை சொல்லவில்லை. அந்த மட்டும் புண்ணியம்.

வெயில் தாழ்ந்தபோது கங்கி தானாக எழுந்தது. சேறு சொட்டச் சொட்டக் கரையேறி, யாரையும் பார்க்காமல் நடந்தது, மங்கம்மா பின்னால் ஓடினாள். அது கேட்டை நெருங்கியதும், டைரக்டரின் காருக்குச் செய்த அதே பழக்கத்தில், செல்வம் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான்.