பதினொரு கோடுகளும் இரண்டாவது சாவியும்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். முன்னுக்குப் பின் மாற்றினால் என் பக்கம் நியாயம் இருப்பது போலத் தோன்றிவிடும்.

எங்கள் கார் கறுப்பு. வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் ஓடுகிற வண்டி. காலை எட்டரைக்கு நானும் என் மச்சினனும் கிளம்புவோம். அவன் என்னை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளி, தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வண்டியை எடுத்துப் போவான். மாலை ஆறுக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வான். அதனால் இரண்டாவது சாவி அவனிடம் இருந்தது. என் மனைவிக்கு ஒரே தம்பி. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறான். சாவியைக் கொடுத்த அன்று, "இது நம்ம வண்டிடா" என்று நான் சொன்னதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

கழுவுவது மட்டும் நான். ஞாயிறு காலை ஆறரைக்கு, வெயில் ஏறுமுன். முதலில் வெறும் தண்ணீரைப் பாய்ச்சி மண்ணைக் கரைத்து இறக்குவேன். மண் ஒட்டியிருக்கும்போது துணி பட்டால் அந்தத் துணியே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் வண்டிக்கென்றே விற்கும் ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலசத் தண்ணீர். மேலிருந்து கீழே இறங்குவேன். வட்டமாகத் தேய்ப்பதே கிடையாது. முன்னிருந்து பின்னுக்கு நேர்கோடுதான். கூரையின் நடுப்பகுதி எனக்கு எட்டாது, அதற்கு நீளக் கைப்பிடி போட்ட மாப் ஒன்று இருக்கிறது. அடிப்பகுதிக்கும் சக்கரங்களுக்கும் தனித் துணி. கை தவறித் தரையில் விழுந்த துணி அன்றைக்கு வேலைக்கு ஆகாது.

மேல் துணி, கீழ்த் துணி இரண்டும் ஒரே சாம்பல் நிறம். மாறிப் போகக் கூடாதே என்று இரண்டு மாதம் முன்பு மேல் துணியின் மூலையில் மனைவியைச் சிவப்பு நூலில் அடையாளம் தைக்கச் சொன்னேன். சாதாரண நூல் இரண்டே அலசலில் பிரிந்து வந்தது. பை தைக்கிற நைலான் நூல் வாங்கி வந்து, முனை பிரியாமல் தீக்குச்சியால் சுட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

"ஸ்கூலுக்குப் போற பிள்ளை துண்டுக்குக்கூட இவ்வளவு பண்ண மாட்டாங்க" என்றாள். ஆனாலும் தைத்துக் கொடுத்தாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணி வெயில் பானட்டின் மேல் சாய்வாக விழுந்தபோது அவற்றைப் பார்த்தேன். தலைமுடி கனத்தில் கோடுகள். நகத்தால் வருடினால் தட்டுப்படாது. வெயிலில் மட்டும் வெள்ளையாக மினுங்கும். பானட்டில் எட்டு, கூரையின் ஓரத்தில் மூன்று. மச்சினன் ஷூ லேசைக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தான்.

"மாப்ளே, இங்க வா. இது என்ன?"

"வெயில்ல எல்லாக் கறுப்பு வண்டியும் இப்படித்தான் மாமா தெரியும்."

அவன் பதில் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. விஷயம் தெரியாதவன் முதலில் குனிந்து பார்ப்பான். இவன் நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிட்டான்.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். காலை ஒன்பதுக்கு எத்தனை கிலோமீட்டர், மாலை ஆறுக்கு எத்தனை, டிரைவர் சீட் தன் தடத்தில் எத்தனையாவது பல்லில் நிற்கிறது, எல்லாம். கோடுகள் இருக்கும் இடத்தை வரைந்தேன், இல்லாத இடத்தையும் குறித்தேன். பம்பரிலும் கதவுகளின் அடியிலும், அதாவது மண் எங்கே அதிகமோ அங்கே, ஒன்றுகூட இல்லை. "குனியச் சோம்பல்படுகிறவன்" என்று எழுதினேன். கூரையின் நடுவிலும் இல்லை. "கை எட்டாதவன்" என்று எழுதினேன். மச்சினன் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை டேஷ்போர்டு பெட்டியைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த மஞ்சள் துணி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எப்போதாவது வாடிக்கையாளர் வீட்டில் கண்ணாடியைக் கொடுக்க வண்டியில் போவான், அப்போது அது பளிச்சென்று இருக்க வேண்டும். காய்ந்த தூசி மேல் காய்ந்த துணி. இழு, இழு. ராத்திரிச் சாப்பாட்டின்போது துணியை மேஜை மேல் வைத்தேன்.

"இது யாருது?"

"என்னுது. கண்ணாடி துடைக்கிற துணி."

"எந்தக் கண்ணாடி?"

"மூக்குல மாட்டியிருக்கேனே மாமா, இதைத்தான்."

மனைவி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

"பானட்டைத் துடைச்சியா, இல்லையா?"

"இல்லை."

"அப்ப கோடு தானா முளைச்சுதா?"

"அது எனக்குத் தெரியாது. நான் தொடலை."

"சாவியை வை."

அவன் சாவிக்கொத்தில் இருந்ததே இரண்டு சாவி, கடையுடையதும் எங்களுடையதும். வளையத்திலிருந்து நகத்தால் நெம்பிக் கழற்ற அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"அது தகரம்ங்க" என்றாள் மனைவி. "தகரத்துக்காகவா என் தம்பியைத் திருடன் மாதிரி கேக்கறீங்க?"

மறுநாள் காலை அவன் பஸ்ஸில் போனான். போகும்போது என்னிடம் பேசவில்லை, அக்காவிடம்தான் சொன்னான். "முதல் தேதிக்குள்ள வேற ரூம் பார்த்துட்டுப் போயிடறேன்க்கா." அன்றிலிருந்து அவளும் என்னிடம், "சோறு மேஜைல இருக்கு", "கேஸ் வந்துச்சு", இப்படி அறிவிப்பு மட்டுமே கொடுத்தாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இனிமேல் கோடு விழாது, எல்லாருக்கும் புரியும் என்று காத்திருந்தேன்.

ஞாயிறு வழக்கம்போலக் கழுவினேன். திங்கள் காலை வெயிலில் எண்ணினேன். பதினான்கு.

மறுபடி எண்ணினேன். பதினான்குதான். நான்கு நாளாக வண்டி என்னைத் தவிர யார் கையிலும் இல்லை. அலுவலகத்தில் கூரைக்குக் கீழே நிறுத்துகிறேன், என் மேஜையிலிருந்து பார்த்தால் தெரியும். இரண்டாவது சாவி அலமாரியில், அலமாரிச் சாவி என் பர்ஸில். உள்ளே போனேன்.

"அலமாரியை நீ திறந்தியா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், கீழ வா. உன் மேல புதுக் கேஸ் போட்டிருக்காரு."

பாதி வாரிய தலையோடு வந்தான். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து லென்ஸ் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியை எடுத்துப் பானட்டின் மேல் குனிந்தான். நோட்டையும் கேட்டு வாங்கி என் படங்களைப் பார்த்தான். "குனியச் சோம்பல்படுகிறவன்" என்ற வரியில் கொஞ்சம் நின்றான்.

"மாமா, தூசி துடைக்கிறவன் கை வட்டமாத்தான் போகும். இது எல்லாமே ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு. வண்டியை இவ்வளவு நேரா துடைக்கிற ஆளு இந்தத் தெருவுலயே ஒருத்தர்தான்."

நான் நோட்டை அவனிடமிருந்து வாங்கி மூடினேன்.

"துணியைக் காட்டுங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். அவன் உள்ளங்கையால் தடவவில்லை. மணிக்கட்டின் உள்பக்கத்தில் மெதுவாக இழுத்துப் பார்த்தான். மூலைக்கு வந்ததும் நிறுத்தினான். சிவப்பு அடையாளத்தின் நுனியில் சுட்ட நைலான் உருகி, கடுகு அளவுக்குக் கெட்டியாக இறுகியிருந்தது.

"கடையில புதுசா ஆள் சேர்ந்தா முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க. துடைக்கிற துணியில தையல், லேபிள், முடிச்சு எதுவும் இருக்கக் கூடாது. இதை நீங்க ஷாம்புல முக்கி நேரா இழுத்திருக்கீங்க, வாரா வாரம்."

சொல்லிக்கொண்டே தன் கண்ணாடியைக் கழற்றினான். நான் தடுப்பதற்குள் அந்தக் கடுகை லென்ஸின் மேல் வைத்து ஒரே ஒரு இழுப்பு இழுத்து, வெயிலில் தூக்கிக் காட்டினான். தலைமுடி கனத்தில், வெள்ளையாக, ஒரு கோடு.

"உன் சொந்தக் கண்ணாடியிலயாடா?" என்றாள் அக்கா.

"வேற எதுல போட்டாலும் மாமா நம்ப மாட்டாரு."

"தைக்கும்போதே சொன்னேன், இது விரல்ல குத்துதுன்னு" என்றாள் அவள். அப்படிச் சொல்லியிருக்கலாம். அப்போது என்னிடம் நோட்டு இல்லை.

"மேலுக்கு ஒரு கலர், கீழுக்கு ஒரு கலர்னு வாங்கியிருந்தா இந்தத் தையலே வேண்டாமே மாமா" என்று சொல்லிவிட்டு அவன் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அன்று மாலை சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். துணிமணிகள் ஏற்கெனவே இரண்டு பையில் இருந்தன. சாவியைக் கட்டிலில் வைத்தேன். அவன் தொடவில்லை.

"தப்பு என் மேலதான் மாப்ளே" என்றேன். இதைச் சொல்ல எனக்குச் சுலபமாக இல்லை.

"சரி மாமா."

"ரூம் பார்த்துட்டியா?"

"பார்த்துட்டேன். வர்றேன்னு இன்னும் சொல்லலை." சாவியைக் கண்ணால் காட்டினான். "ஒண்ணு செய்யலாம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரும் வண்டியைச் சுத்திப் பார்ப்போம். எத்தனை கோடுன்னு நோட்டுல எழுதி நீங்க கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் நீங்க உள்ள போகணும்."

"வீட்டுக்குள்ள இதெல்லாம் எதுக்குடா?"

"நான் தொடலைன்னு இன்னொரு தடவை சொல்லிட்டு நிக்க என்னால முடியாது மாமா."

ஒப்புக்கொண்டேன். அவன் சாவியை எடுத்துக்கொண்டான்.

இப்போது மேலுக்கு மஞ்சள் துணி, கீழுக்குச் சாம்பல். மஞ்சள் துணிகளை ஓரத் தையல் இல்லாமல் வெட்டி, தன் கடையிலிருந்து அவனே கொண்டுவந்து கொடுத்தான். முதல் தேதி தாண்டி மூன்று நாள் ஆகிறது. அவன் மாடியில்தான் இருக்கிறான். பை இரண்டில் ஒன்றைப் பிரித்துவிட்டதாக மனைவி சொன்னாள். இன்று மாலை ஆறு நாற்பதுக்கு விளக்கைப் பிடித்துச் சுற்றி வந்தோம். பதினான்கு, புதிதாக ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். அவன் நோட்டை வாங்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, லென்ஸில் இருந்த அந்தக் கோட்டை விலக்கிப் பக்கவாட்டில் பார்த்துப் படித்தான்.

"லென்ஸ் இன்னும் மாத்தலையா?"

"மாத்தணும் மாமா."

நாள் முழுக்க லென்ஸ் மாட்டிக் கொடுப்பதுதான் அவன் வேலை. வேண்டுமென்றேதான் மாற்றாமல் இருக்கிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதை நோட்டில் எழுதவில்லை.